வல்லிசையினின்று மெல்லிசைக்கு: ஓபெத் குழுவினரின் இசைமாற்றம்

தோற்றுவாய்

கலைகள் யாவும் மாறுந் தன்மையன. ஒரு காலத்தார் உவந்த பாட்டைப் பிறிதொரு காலத்தார் உவவாமையும், ஒரு காலத்தார் இரைச்சலென இகழ்ந்ததனைப் பிறிதொரு காலத்தார் இசையெனப் போற்றுதலும் யாண்டுங் காணப்படும் நிகழ்ச்சிகளே. ஆயினும், கேட்போர் மாறுதல் வேறு. பாடுவோர் தாமே மாறுதல் வேறு. தம்மை உலகறியச் செய்த இசையை ஒருவர் தாமே கைவிட்டு, அதற்கு மறுதலையானதொன்றை மேற்கொள்ளுவாராயின், அவரை நம்பித் தொடர்ந்து வந்தோர் நிலை யாதாகும்? அவர் செய்தது நம்பினார்க்கு இழைத்த வஞ்சனையா, அன்றிக் கலையின் வளர்ச்சியா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாம்.

இதனை ஆராய்தற்கு யாம் எடுத்துக்கொண்ட சான்று ஸ்வீடன் நாட்டு ஓபெத் என்னும் இசைக்குழுவாகும். 2009-ஆம் ஆண்டில் நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாரங் விழாவில் இக்குழுவினர் தோன்றிப் பாடினர். அக்காலை யாம் மழலை பேசும் பருவத்தினராய் இருந்தோம். எனினும் அவ்விழாவைக் கண்ட மூத்தோர் சிலர் இன்றும் அதனை வியந்து பேசுகின்றனர். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களினின்று மின்சார ரயிலிலும் பேருந்திலும் நாடோறும் கல்லூரிக்கு வரும் தோழருள்ளும் இவ்விசையைச் செவியிற் பொருத்திக்கொண்டு வருவோர் பலர். அவர்தம்முள் ‘பழைய ஓபெத்தே ஓபெத்’ என்பாரும், ‘புதியதே சிறந்தது’ என்பாரும் என இரு கட்சியினர் உளர். நண்பகல் உணவு வேளையில் இவ்விருவர் வழக்கும் முடிந்தபாடில்லை. இவ்விசையை அறியாத அன்பர்களோ, ‘இதிற் பழையதென்ன, புதியதென்ன? எல்லாம் இரைச்சலே’ என்று நகைப்பர். இம்மூவகையார்க்கும் பயன்படுமாறு இதனை எழுதப் புகுகின்றோம்.

வல்லிசை, மெல்லிசை என்னும் சொற்களை யாம் புதுவதாகப் படைத்தேமல்லேம். தொல்காப்பியச் செய்யுளியலிற் கூறப்படும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் மெல்லிசை வண்ணமும் உள. முடுகு வண்ணம், உருட்டு வண்ணம் என விரைவுடையனவும், தூங்கல் வண்ணம், ஒழுகு வண்ணம் எனத் தணிந்து செல்வனவும் ஆண்டே காணப்படும். ஓசையின் வன்மை மென்மையும், நடையின் விரைவு தணிவும் செய்யுளுக்கு உறுப்பென நம் முன்னோர் கண்டனர். எனவே மேனாட்டார் இசையில் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஆராய்தல் தமிழ் மாணவர்க்கு அயலான தொழிலன்று.

வல்லிசையின் பிறப்பு

மெட்டல் என்பதற்கு உலோகம் என்பது பொருள். இப்பெயர்க்கேற்ப, இவ்விசை இரும்பு உருக்கும் ஊரிலே தோன்றியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில், 1968-ஆம் ஆண்டில், தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த இளைஞர் நால்வர் கூடி ஒரு குழு அமைத்தனர். பிளாக் சப்பாத் என்று பின்னர் உலகறிந்த குழு அதுவே. அவருள் கிதார் வாசித்த டோனி அயோமி என்பார் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துவந்தபொழுது, தம் பதினேழாம் அகவையில், எந்திரத்திற் சிக்கி வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். இடக்கையால் நரம்பை மீட்டும் அவர்க்கு வலக்கையே நரம்பை அழுத்துங் கை. அவர் இசையைத் துறந்திலர். பிளாஸ்டிக்குப் புட்டியொன்றை உருக்கி விரலுறை செய்து அணிந்துகொண்டார். நரம்புகள் விரலை வருத்தாவண்ணம் அவற்றைத் தளர்த்திக் கட்டினார். 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில் அவர் நரம்புகள் வழக்கத்தினும் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்தன. சுருதி தாழவே ஓசை கனத்தது. ஒருவருடைய ஊனமே ஓர் இசைவகைக்கு அடையாளமாயிற்று.

இவ்வரலாறு நம் பகுதியினர்க்கு எளிதில் விளங்கும். 1964-ஆம் ஆண்டிலிருந்து அம்பத்தூரில் தொழிற்பேட்டை இயங்கிவருகின்றது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையினின்று 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் போர்வண்டி முதன்முதல் வெளிவந்தது. சம்மட்டி, அழுத்துபொறி, கடைசல் எந்திரம் ஆகியவற்றின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தார் நம்மிடையே பலர். அத்தகையார் செவிக்கு இவ்விசை அச்சந் தருவதன்று.

ஈண்டு ஒன்று குறிக்கற்பாலது. ஆதி மெட்டல் விரைவுடையதன்று. தாளந் தணிந்து, யானை நடந்தாற்போல அடிபெயர்த்துச் செல்வது. விரைவு பின்னர் வந்து சேர்ந்தது. 1980-ஆம் ஆண்டுகளிற் குழுக்கள் ஒன்றையொன்று விஞ்ச முனைந்தன. ஸ்லேயர் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1986-ஆம் ஆண்டில் பத்துப் பாடல்களை ஏறத்தாழ 29 நிமிடங்களில் முடித்தனர். மறு ஆண்டில் நேபாம் டெத் என்னும் குழுவினர் வெளியிட்ட பாட்டொன்று ஒன்றேகால் விநாடியளவில் முடிந்து, உலகிற் குறுகிய பாட்டெனப் பெயர் பெற்றது. இக்குழுவினரும் பர்மிங்காம் வட்டாரத்தாரே என்பது வியத்தற்குரியது. ஒன்றேகால் விநாடிக்கு மேலும் குறைத்தற்கு இடம் யாது? விரைவென்னும் வழி அங்கே மதிலில் முட்டிற்று. அதற்கப்பாற் செல்ல விரும்பினார் திரும்பித்தான் செல்லவேண்டும். பின்னிகழ்ந்த மாற்றங்களுக்கெல்லாம் இது முதற் காரணமென்க.

உறுமலும் உடைந்த ஓசையும்

டெத் மெட்டல் எனப்படும் கடுவல்லிசைக்கு உறுப்புக்கள் மூன்று: உறுமற் குரல், உடைந்த கிதாரோசை, இருகாலாலும் முழக்கும் பேரிகை. இவற்றுள் முன்னிரண்டையும் விளக்குவாம்.

நாம் பேசும்பொழுதும் பாடும்பொழுதும் மிடற்றிலுள்ள குரல்நாண்கள் ஒழுங்காக அதிர்கின்றன. அவற்றின் மேலே போலிக் குரல்நாண்கள் என்னும் தசைமடிப்புக்கள் உள. உறுமுவோர் இம்மடிப்புக்களையும் நெருக்கி அதிரச் செய்வர். அதிர்வு ஒழுங்கற்றதாகலின் அதிற் சுரந் தெளிவாகத் தோன்றாது. கனமும் கரகரப்புமே தோன்றும். நன்கு பயின்றார் மிடறு கெடாமற் பல்லாண்டு இங்ஙனம் பாடவல்லர். முறையறியாது கத்துவாரோ சின்னாளில் குரலிழப்பர்.

இனிக் கிதாரைப் பார்ப்போம். மின்கிதாரின் ஒலியலையைப் பெருக்கியிலே அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் முகடுகளும் பள்ளங்களும் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் பலவுந் தோன்றி ஒலிக்கும். இதனாலேயே ஓசை தடித்து முரடாகின்றது. இதன் பயனாக இரண்டு நிகழ்கின்றன. முதலாவது, குரலும் இளியுமாகிய இரண்டு சுரங்களை, அஃதாவது இக்காலத்தார் ஷட்ஜ பஞ்சமம் என்பனவற்றை, ஒருங்கே மீட்டினால் அவை இயைந்து ஒலிக்கும். இடையே கைக்கிளையாகிய காந்தாரத்தையுஞ் சேர்ப்பின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். ஆகவே வல்லிசையார் பெரும்பாலும் குரல் இளி இரண்டையே நம்பி வாழ்வர். இரண்டாவது, அலை தட்டையாதலின் மெல்லத் தொட்டதும் வலிந்து தொட்டதும் ஏறக்குறைய ஒரே அளவினவாய் ஒலிக்கும். விரலின் நுண்மை மறைந்துபோம்.

இங்கே நம் பொருளின் நடுநாடி உளது. ஓசையைத் தெளிவாக்குதல் என்பது வன்மையைக் குறைத்தல் மட்டுமன்று. மறைந்து கிடந்த கைக்கிளை முதலிய சுரங்களுக்கெல்லாம் கதவு திறத்தலாம். அதனோடு, விரலின் பிழைகளையும் வெளிச்சத்திற்குக் கொணர்தலாம். தாளத்தைத் தணித்தலும் அத்தகையதே. நம் கருநாடக இசையில் சவுக்க காலத்திற் பாடுதல் துரித காலத்தினும் அரிதென்பர் வல்லார். விரைந்து ஓடுவான் கால் சற்று வழுவினும் காண்பாரிலர். கயிற்றின்மேல் மெல்ல நடப்பான் காலையோ எல்லாருங் காண்பர். எனவே தணிந்த தெளிந்த இசையை எளிதென நினைந்து அதன்பாற் சென்றார் என ஒருவரைக் குறைகூறுதல் பொருந்தாது.

ஓபெத் குழுவினர் வரலாறு

1990-ஆம் ஆண்டளவில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் இக்குழு தோன்றியது. வில்பர் ஸ்மித் என்னும் ஆசிரியரின் நாவலொன்றில் வரும் நகரின் பெயரைச் சிறிது திரித்துத் தமக்குப் பெயராகக் கொண்டனர். தொடங்கியவர் 1992-ஆம் ஆண்டில் விலகவே, மிக்கேல் ஓக்கர்பெல்ட் என்னும் இளைஞர் தலைமையேற்றார். 1974-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் அப்பொழுது நம் போன்ற மாணவர் பருவத்தினரே. பாடல் இயற்றுதல், கிதார் வாசித்தல், உறுமுதல், இனிய குரலிற் பாடுதல் என்னும் நான்கும் அவர் ஒருவரிடத்தே அமைந்திருந்தன.

அக்காலத்து ஸ்டாக்ஹோம் டெத் மெட்டலுக்குத் தலைநகர் எனத் தக்கது. எண்டூம்ப்ட் குழுவினர் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டு, ரம்பம் அறுப்பதனையொத்த கிதாரோசைக்கு இலக்கணமாயிற்று. அச்சூழலில் வளர்ந்தும் ஓபெத் குழுவினர் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்க்கிட் என்னும் முதற் படைப்பிலேயே, உறுமலுக்கு இடையிடையே மின்தொடர்பற்ற கிதாரின் மெல்லோசையைப் புகுத்தினர். 1996-ஆம் ஆண்டின் மார்னிங்ரைஸ் என்னும் தட்டில் பாடல்கள் ஐந்தே. அவற்றுள் ஒன்று இருபது நிமிடத்தைக் கடந்து நீள்வது. ஒரே பாட்டிற் புயலும் உண்டு. புயல் ஓய்ந்தபின் ஓலைநுனியினின்று நீர்த்துளி விழும் அமைதியும் உண்டு. ஆகவே பின்னாளில் வெளிப்பட்ட மென்மை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதன்று; ஆலம்வித்தினுள் ஆலமரம் போல முதலிலேயே அடங்கியிருந்தது.

2001-ஆம் ஆண்டின் பிளாக்வாட்டர் பார்க் இக்குழுவினர்க்கு உலகப்புகழை ஈட்டித் தந்தது. அதனை உருவாக்குதற்குத் துணைநின்றவர் போர்க்குபைன் ட்ரீ என்னும் ஆங்கிலக் குழுவின் தலைவராகிய ஸ்டீவன் வில்சன். அடுத்து இருவரும் சேர்ந்து ஓர் அரிய முயற்சி செய்தனர். வன்மையும் மென்மையும் கலந்து வந்த ஆற்றை இரு கால்களாகப் பிரித்து, வன்மையை ஒரு தட்டிலும் மென்மையை மற்றொரு தட்டிலும் பாய்ச்சினர். இரண்டும் ஒருங்கே ஒலிப்பதிவு செய்யப்பெற்று, ஒன்று 2002-ஆம் ஆண்டு நவம்பரிலும், மற்றொன்று 2003-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் வெளிவந்தன. வன்மையுடையதற்கு டெலிவரன்ஸ் என்றும், மென்மையுடையதற்கு டாம்னேஷன் என்றும் பெயர். முன்னதற்கு மீட்பு என்பதும், பின்னதற்கு ஆக்கினைத்தீர்ப்பு என்பதும் பொருளாம். வேதாகமம் பயின்ற நம் கல்லூரி மாணவர் இப்பெயரமைப்பின் முரணை எளிதில் உணர்வர். சீற்றத்திற்கு மீட்பென்றும், அமைதிக்குத் தண்டனையென்றும் பெயரிட்டமை, மென்மை எல்லாம் இன்பமல்ல என்பதைக் காட்டுகின்றது. அத்தட்டைக் கேட்டார், உறுமல் ஒன்றேனும் இல்லாதிருந்தும் அஃது உள்ளத்தை அழுத்தும் கனத்தை அறிவர்.

டாம்னேஷன் தட்டிற் பெரிதும் ஒலிப்பது மெல்லோட்ரான் என்னும் பழங் கருவி. ஆர்மோனியம் போன்று கட்டைகள் உடையது. ஒவ்வொரு கட்டையின் கீழும் குழலோ வயலினோ பாடகர் குரலோ பதிந்த காந்த நாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்த அந்நாடா ஓடி ஒலிக்கும். ஏறத்தாழ எட்டு விநாடியில் முடிந்துபோம். மூச்சுக்கு எல்லையுடைய மனிதன் பாடினாற்போல அக்கருவியும் மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் அதன் ஓசையில் ஒருவகை நிலையாமை தோன்றும்.

2005, 2008-ஆம் ஆண்டுகளின் தட்டுகளில் உறுமல் மீண்டும் வந்தது. 2008-ஆம் ஆண்டுத் தட்டின் பெயர் வாட்டர்ஷெட். நீர்ப்பிரிமேடு என்பது அதன் பொருள். பெயர் வாய்த்தவாறென்னே! மழைநீர் இருபாலும் பிரிந்தோடும் மேடுபோல அத்தட்டே அவர் வரலாற்றை இரண்டாகப் பகுத்தது. சென்னைக்கு அவர் வந்தது அம்மேட்டின்மேல் நின்ற காலத்திலேயாம்.

2011-ஆம் ஆண்டில் ஹெரிட்டேஜ் வெளிவந்தது. மரபுரிமை என்னும் பொருளுடைய அத்தட்டில் உறுமலே இல்லை. கிதாரோசை தெளிந்தது, பேரிகை தணிந்தது, 1970-ஆம் ஆண்டுகளின் ஆங்கில இசையினது சாயல் எங்கும் படர்ந்தது. அவ்வாண்டுச் சுற்றுப்பயணத்தின் முற்பகுதியில் மேடையிலும் உறுமற் பாடல்களை விடுத்து, மென்குரற் பாடல்களையே பாடினர். உறுமலை எதிர்நோக்கி வந்தார் பலர் மனங்கசந்தனர். பின்னர் மேடையிற் பழைய பாடல்களும் இடம்பெற்றன. ஆயினும் 2014, 2016, 2019-ஆம் ஆண்டுகளின் புதிய தட்டுகளில் உறுமல் வரவேயில்லை. அவற்றுள் இறுதியதனைத் தம் தாய்மொழியாகிய ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் என இருமுறை பாடி வெளியிட்டனர்.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் பதினான்காம் தட்டு வந்தது. மரணசாசனம் என்பது அதன் பெயர்ப்பொருள். முதல் உலகப்போர்க்குப் பிற்பட்ட காலத்தே, இறந்துபோன தந்தையின் உயிலைப் படிக்கக் கூடிய மக்களின் கதை அது. அதிற் பதினாறாண்டுகட்குப் பின் உறுமல் திரும்பியது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் அதிற் குழலும் ஊதி, உரையும் படித்திருக்கின்றார். இங்ஙனம் ஒரே தட்டிற் பழமையும் புதுமையும் கைகோத்தன.

ஒத்த பிற குழுவினர்

இவ்வழியிற் சென்றார் ஓபெத் குழுவினர் மட்டுமல்லர். இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் குழுவினர் 1991-ஆம் ஆண்டிற் கடுவல்லிசை பாடி, 1999-ஆம் ஆண்டின் ஹோஸ்ட் என்னும் தட்டிற் கிதாரையே ஏறக்குறைய மறைத்து, 2015-ஆம் ஆண்டில் மீண்டும் உறுமலைக் கைக்கொண்டனர். நார்வே நாட்டு உல்வர் குழுவினர் 1998-ஆம் ஆண்டு முதல் மெட்டலை முற்றும் துறந்தனர்.

இவர்களுள் காடடோனியா என்னும் ஸ்டாக்ஹோம் குழுவின் வரலாறு உருக்கமானது. அதன் பாடகர் யோனாஸ் ரெங்ஸே முதலிற் கடுமையாக உறுமினார். சின்னாளில் மிடறு அதற்கு இடந்தரவில்லை. 1996-ஆம் ஆண்டின் தட்டில் அவர்க்காக உறுமிக் கொடுத்தவர் அவர் நண்பராகிய ஓக்கர்பெல்ட்டே. 1998-ஆம் ஆண்டில் ரெங்ஸே, ‘பாடாதிருப்பதினும் மெல்லப் பாடுவது நன்று’ எனத் துணிந்தார் போலும். அவ்வாண்டின் தட்டில் தெளிந்த குரலிற் பாடினார். இயலாமையிற் பிறந்த அக்குரலே பின்னர் அக்குழுவிற்கு முகமாயிற்று. அயோமியின் விரலையும் ரெங்ஸேயின் மிடற்றையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, உடம்பின் குறையே கலையின் போக்கை வகுத்தல் புலனாம். அதே 1998-ஆம் ஆண்டில் இவ்விரு நண்பரும் பிறரும் சேர்ந்து, கடுவல்லிசைக்கென்றே பிளட்பாத் என்னும் தனிக்குழுவொன்றையும் தொடங்கினர். எனவே மென்மையை மேற்கொண்டார் வன்மையை வெறுத்தாரல்லர்.

நம் நாட்டு ஒப்புமை

இத்தகைய மாற்றம் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. நாகசுரம் திறந்த வெளிக்கு அமைந்த கருவி. வீதியுலாவில் வேட்டு முழக்கத்தையும் தவிலோசையையும் விஞ்சி ஒலித்தற்கென அமைந்தது, திமிரி எனப்படும் குறுகிய, சுருதி உயர்ந்த நாகசுரம். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதனினும் நீண்டு, சுருதி தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் அவர்பொருட்டு அக்கருவியைச் செப்பஞ்செய்தார். குழல் நீளவே சுருதி தாழ்ந்தது. கூர்மை தணிந்து கனிவு பிறந்தது. தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசித்தற்கு இடமுண்டாயிற்று. நின்றுகொண்டே வாசித்துவந்த நாகசுரக்காரர் மேடையில் அமர்ந்து வாசித்தற்கும் அவர் வழிகோலினார்.

ஆகவே சுருதியைத் தாழ்த்தியது ஓசையை மட்டும் மாற்றவில்லை. கலைஞர்க்குரிய மதிப்பையும் மாற்றியது. வீதியில் நடந்து செல்வார் செவியில் விழும் ஓசையாயிருந்தது, அமர்ந்து கேட்பார் உள்ளத்திற் புகும் இசையாயிற்று. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அன்று, ‘மரபைக் கெடுத்தான்’ எனப்படத்தக்க செயலே இன்று மரபாயிற்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் இதன் மறுபுறத்தையும் மறத்தலாகாது. திமிரியின் கூரிய ஓசைக்கென்று ஓர் அழகு உண்டு. பாரி பரவப் பரவ அதனைக் கேட்கும் வாய்ப்பு அருகிற்று. ஒன்றைப் பெறுதல் பிறிதொன்றை இழத்தலோடு கூடியதே.

தடையும் விடையும்

இனி, இம்மாற்றத்தின்மேல் நிகழ்த்தப்படும் தடைகளை ஆராய்வாம்.

‘பொருளாசையால் மாறினர்’ என்பது முதல் தடை. எளிய பாடல்களைப் பாடிப் பெருங்கூட்டத்தை ஈர்க்க மெலிந்தார் சிலர் உளராகலாம். ஹெரிட்டேஜ் தட்டோ அத்தகையதன்று. தாளம் அடிக்கடி முறிந்து திரும்பும்; பல்லவி எளிதில் நாவிற் படியாது. பழைய அன்பரை வருத்தி, புதிய அன்பரை எளிதில் ஈர்க்காத படைப்பைப் பொருள் கருதிச் செய்ததெனல் வணிக நூலுக்கே முரணாம்.

‘கேட்போரைக் கைவிட்டனர்’ என்பது இரண்டாம் தடை. இது முன்னையதினும் வலியது. ஒருவர் தம் துயரக்காலத்தில் ஒரு பாட்டைப் பற்றுக்கோடாகக் கொண்டிருப்பார். அதைப் பாடியவர், ‘இனி யான் அவ்வாறு பாடேன்’ என்னும்பொழுது, அவர் நெஞ்சம் நோவது இயல்பே. அந்நோவை நகையாடுவார் அன்பின் இயல்பை அறியாதார். எனினும் பாட்டு ஒருமுறை பிறந்தபின் அது கேட்போர்க்கு உரியது; பாடுவார் வாழ்க்கையோ அவர்க்கே உரியது. பிளாக்வாட்டர் பார்க்கை எவரும் மீட்டுக்கொள்ளவில்லை. அஃது இன்றும் இருந்தவாறே இருக்கின்றது. இருபது அகவையிற் கொண்ட சினத்தை நாற்பது அகவையிலும் நடித்துக் காட்டுக என்று ஒருவரை வேண்டுதல், அவரிடத்துப் பொய்யை வேண்டுதலாம். மெய்யான சினத்தை விரும்பினவர் பொய்ச்சினத்தை எங்ஙனம் விரும்புவர்?

‘இவ்விசையே தெய்வநிந்தை, இதனை ஆராய்தல் தகாது’ என்பது மூன்றாம் தடை. மிஷன் கல்லூரி மாணவராகிய யாம் இதனைத் தள்ளிவிட்டுச் செல்லுதல் முறையன்று. வல்லிசையின் ஒரு கிளையாகிய பிளாக் மெட்டலோடு தொடர்புடையார் சிலர் 1992-ஆம் ஆண்டு தொடங்கி நார்வே நாட்டிற் பழமையான தேவாலயங்களைத் தீக்கிரையாக்கினர் என்பது உண்மை. அக்கொடுஞ்செயலை எவ்வாற்றானும் தாங்கிப் பேசோம். ஆயினும் சிலர் குற்றத்தை ஓர் இசைவகை முழுமைக்கும் ஏற்றுதல் நீதியன்று. ஓபெத் பாடல்களிற் பெரும்பாலும் பேசப்படுவன இறப்பு, இழப்பு, குற்றவுணர்ச்சி, தனிமை என்பனவே. ஆழங்களிலிருந்து கூப்பிடும் குரல் நம் சங்கீதப் புத்தகத்திலும் உண்டு. அக்குரல் எப்பொழுதும் இனிமையாகவே இருந்திருக்கும் என்று எண்ண வேண்டுவதில்லை.

இனி மற்றைக் கட்சியாரையும் ஒரு சொற் கேட்பாம். ‘மென்மையே முதிர்ச்சி, வன்மை சிறுபிள்ளைத்தனம்’ என்பார் கூற்றும் ஏற்புடையதன்று. நிறைகுடம் தளும்பாதென்னும் பழமொழியை அவர் இங்கே எடுத்துக் காட்டுவர். ஆயின் 2024-ஆம் ஆண்டில், ஐம்பது அகவை நிரம்பிய ஓக்கர்பெல்ட் மீண்டும் உறுமினாரே, அவர் சிறுபிள்ளையானாரோ? மரணசாசனக் கதையிலே, இறந்த தந்தையின் கடுமொழி இனிய குரலில் ஒலித்தல் பொருந்தாமையின் உறுமல் வேண்டப்பட்டது. களத்தைப் பாடும் பரணிக்கு ஓர் ஓசையும், பிள்ளைத்தமிழின் தாலப் பருவத்திற்கு வேறோர் ஓசையும் நம் புலவர் வைத்தனர். ஒன்று முதிர்ந்தது, மற்றொன்று முதிராதது என எவருஞ் சொல்லார். பொருளுக்கு ஏற்ற ஓசை எதுவோ அதுவே சிறந்தது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றால், விரைவு தன் எல்லையை எட்டியமையும், தெளிந்த ஓசை புதிய சுரங்களுக்கு இடந்தந்தமையும், உடம்பும் அகவையும் மாறினமையும், இளமைமுதல் உள்ளத்தே கிடந்த மென்மை வெளிப்பட்டமையும் இம்மாற்றத்தின் காரணங்கள் என்பது பெறப்படும். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்கள் கூறப்படும். ஒரு தானத்திலேயே நின்று பாடுவானைப் பாடகன் என்று நாம் மதிப்பதில்லை. ஒரு பாட்டிற்கு உரிய இவ்வியல்பு ஒரு வாழ்நாளுக்கும் உரியதாதல் கூடும்.

தோழர்காள்! நண்பகல் வழக்கை நிறுத்துமாறு யாம் வேண்டவில்லை. அடுத்தமுறை வழக்கிடு முன்னர், டெலிவரன்ஸ், டாம்னேஷன் என்னும் இரண்டனையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேண்மின். ஒரே மாதங்களில் ஒரே கைகள் செய்தவை அவை. பழைய ஓபெத் எங்கே முடிகின்றது, புதியது எங்கே தொடங்குகின்றது என்று அதன்பின் எமக்குச் சொல்லுமின், கேட்க ஆவலுடையேம்.